சொட்டு விழும் இடமும் ஒழுகும் இடமும்

எங்கள் தெருவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய வேன் ஒன்று உண்டு. அது இரவில் நிற்கும் இடத்தில், கார்த்திகை மாதம் முதல் காலைதோறும் ஒரு கையகல ஈரம் தென்பட்டது. மழைக்காலம் என்பதால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மழை ஓய்ந்த பின்னும் ஈரம் ஓயவில்லை. ரேடியேட்டரில் வாரந்தோறும் அரை லிட்டர் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. பட்டறையில் முதலில் வாட்டர் பம்ப்பை மாற்றினார்கள். பத்து நாள் கழித்து ரேடியேட்டரையே மாற்றினார்கள். ஓட்டுநரின் ஒரு மாத வருமானத்தில் பெரும்பகுதி கரைந்தது. ஈரம் மட்டும் அதே இடத்தில் அப்படியே இருந்தது.

பட்டறைக்காரரை மட்டும் இதில் குறை கூறுவது நியாயமாகாது. தண்ணீர் குறைகிறது என்று வரும் வண்டிகளில் பலவற்றில் வாட்டர் பம்ப்தான் குற்றவாளி. அவர் அனுபவத்தை நம்பி ஊகித்தார். ஆனால், ஒழுகுவதை அவர் ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. வேன் பட்டறைக்குச் சென்றதெல்லாம் காலைச் சவாரி முடிந்து, என்ஜின் கொதித்துக் கொண்டிருந்த நேரத்தில். அந்தக் கசிவோ என்ஜின் ஆறிய பிறகு மட்டுமே தலைகாட்டும் வகையைச் சேர்ந்தது.

வண்டியிலிருந்து ஏதோ ஒழுகுகிறது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த பாகம் கெட்டது?' என்பதன்று, 'ஒழுகுவது என்ன?' என்பதே. ஏ.சி. ஓடும் வண்டிக்கு அடியில் சொட்டும் நிறமும் மணமும் அற்ற நீர், காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கியது. அதற்கு மருத்துவம் தேவையில்லை. கூலன்ட் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று ஏதேனும் ஒரு சாயத்துடன் இருக்கும், சற்றே இனிப்பான வாடை அடிக்கும், விரலில் வழவழக்கும், காய்ந்த இடத்தில் வெளிறிய படிவை விட்டுச்செல்லும். என்ஜின் ஆயில் பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும். கியர் பெட்டியிலும் பின்அச்சிலும் உள்ள ஆயிலுக்குக் கந்தகம் கலந்த நெடி உண்டு. ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பெட்ரோல் கறையின்றி ஆவியாகிவிடும், வாடை மட்டுமே சாட்சி. அந்த வாடை வந்தால் ஆராய்ச்சி வேண்டாம். பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மீதமிருப்பது பிரேக் ஆயில். இந்தப் பெயரே நம்மைத் தவறாக வழிநடத்துகிறது. பேச்சில் ஆயில் என்கிறோம். பெரும்பாலான வண்டிகளில் பயன்படும் டாட்-3, டாட்-4 வகைத் திரவங்கள் எண்ணெயே அல்ல. அவை கிளைக்கால் வகை வேதிப்பொருளால் ஆனவை. வெளிர்மஞ்சள் நிறம்; பெயின்ட்டை உரித்துவிடும் குணம். பெயரை நம்பி, அவசரத்துக்கு அந்தக் குப்பியில் என்ஜின் ஆயிலை ஊற்றியவர்கள் உண்டு. ஊற்றினால், பிரேக் அமைப்பிலுள்ள ரப்பர் சீல்கள் ஊதிப் பருத்துக் கெட்டுப்போகும். சந்தேகமான சொட்டு எது என்று அறிய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். எண்ணெய் என்றால் மேலே மிதக்கும். பிரேக் திரவம் என்றால் நீரில் கரைந்துவிடும். கூலன்ட்டும் கரையும் என்றாலும் அதன் சாயம் அதைக் காட்டிக்கொடுக்கும். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றும் நம் வழக்கம் இந்தத் தடயத்தையும் அழித்துவிடுகிறது. துருவைத் தடுக்கும் மருந்து இல்லாமல் உள்ளிருக்கும் உலோகத்தையும் அது அரிக்கிறது என்பது தனிக் கேடு.

ஒழுகுவது இன்னதென்று தெரிந்த பிறகு, எங்கிருந்து என்ற கேள்வி வருகிறது. பழைய வேன்களில் இது எளிதன்று. 1984 முதல் 2019 வரை உற்பத்தியான மாருதி ஆம்னி போன்றவற்றில் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. பானெட்டைத் திறந்து எட்டிப்பார்க்கும் வசதி கிடையாது. இருக்கையைத் தூக்க வேண்டும், அல்லது வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். திரவமோ கசிந்த இடத்திலேயே சொட்டுவதில்லை. சட்டத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, குழாயின் வளைவில் ஊர்ந்து, முழத்துக்கு அப்பால் எங்கோ தாழ்ந்த முனையில் விழுகிறது. ஓடும்போது காற்று அதைப் பின்புறம் அடித்துச் செல்கிறது. ஆகவே நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில், மிக முன்னால் இருக்கிறதோ, அங்கிருந்து தேடலைத் தொடங்குவது முறை.

அதற்கு முன் கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். பல ஆண்டு அழுக்கின் மேல் புதுக் கசிவைத் தேடுவது, சேற்றில் புதுக் காலடியைத் தேடுவது போன்றது. பட்டறைகளில் அவசரத்தால் விடுபடும் படி இதுவே. காய்ந்த பின், சந்தேகமான இணைப்புகளின் மேல் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி வைத்தால், கசியும் இடத்தில் வெள்ளையின் நடுவே கோடு விழும். இரவில் அடியில் ஒரு பெரிய அட்டையைப் பரப்பி, நான்கு சக்கரங்களின் இடத்தையும் அதில் குறித்துவைத்தால், காலையில் அது ஒரு வரைபடமாகிவிடும். எஞ்சிய கேள்வி, எப்போது என்பது. ஓடும்போதா, சூடாக நிற்கும்போதா, ஆறிய பிறகா?

நம் வேனின் புதிரை அவிழ்த்தது இந்தக் கடைசிக் கேள்விதான். மாலை ஏழு மணிக்கு விரித்த அட்டை ஒன்பது மணிவரை காய்ந்தே கிடந்தது, விடியற்காலையில் நனைந்திருந்தது. இருக்கையைத் தூக்கிப் பார்த்தபோது பவுடரில் கோடு விழுந்திருந்த இடம், பம்ப்பும் அல்ல, ரேடியேட்டரும் அல்ல. அந்த வண்டி எல்.பி.ஜி.யிலும் ஓடக்கூடியது. திரவ எரிவாயுவை ஆவியாக்கும் ரெடியூசர் என்ற கருவி குளிரில் உறைந்துவிடாமலிருக்க, என்ஜினின் வெந்நீரை அதன் வழியே செலுத்துவார்கள். அதற்காகச் சேர்க்கப்பட்ட ரப்பர் குழாயின் ஒரு முனையில் கிளிப் தளர்ந்து, ரப்பர் முதுமையால் இறுகியிருந்தது. சூட்டில் ரப்பர் விரிந்து கிளிப்புக்குள் தன்னைத் தானே அடைத்துக்கொண்டது. ஆறியதும் சுருங்கி வழிவிட்டது. சூடாக இருக்கும்போது தப்பித் தவறி விழுந்த துளிகளும் சைலன்சர் குழாயில் பட்டு ஆவியாகிவிட்டன. ஒரு முழம் குழாய், இரண்டு கிளிப்புகள், வேலை முடிந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அது அழுத்தத்தைக் காக்கும் வால்வு. வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதலான அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். சூடான என்ஜினில் மூடியைத் திறந்தால், 100 டிகிரியைத் தாண்டியும் அடங்கியிருந்த நீர் ஒரே நொடியில் நீராவியாகி முகத்தில் பாயும். கசிவை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டும் கைவைத்தியத்தையும் விட்டுவிடலாம். அது ஓட்டையை மட்டுமல்ல, குறுகிய நீர்வழிகளையும் அடைக்கும்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தண்ணீர்க் கசிவைத் தேடி அடியில் படுத்திருந்தபோது, பின்பக்க இடது டயரின் உட்புறம் ஈரமாக இருந்தது கண்ணில் பட்டது. வண்டி கழுவிய தண்ணீர் என்றார் ஓட்டுநர். வெளிப்புறம் காய்ந்து உட்புறம் மட்டும் எப்படி நனையும்? டிரம்மைக் கழற்றியபோது வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து பிரேக் திரவம் வழிந்துகொண்டிருந்தது. குப்பியில் அளவு குறைவது அவருக்கும் தெரியும்; மாதம் ஒருமுறை ஊற்றி நிரப்பியிருக்கிறார். "ரெண்டு மிதி மிதிச்சா நல்லாப் பிடிக்குது சார்" என்றார் வெள்ளந்தியாக. முதல் மிதியில் பிடிக்காத பிரேக், பிரேக்கே அன்று. பன்னிரண்டு குழந்தைகளைச் சுமந்த அந்த வேனில், எல்லாருடைய கவனமும் தண்ணீரின் மேல் இருந்த இரண்டு மாதமும் உண்மையான ஆபத்து பின்சக்கரத்தில் சத்தமின்றி ஒழுகிக்கொண்டிருந்தது.

பிரேக் திரவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட்-4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரநிலை. நீர் கலந்து பழையதான நிலையில் அது 155 வரை இறங்கலாம். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அது கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவே ஒழுகாத வண்டியிலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை முழுவதுமாக மாற்றுவதே முறை.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தார். அதன் பிறகே தமிழகத்தில் பள்ளி வாகனங்களுக்கெனச் சிறப்பு விதிகள் வந்தன. இப்போது கல்வியாண்டு தொடங்கும் முன் அதிகாரிகள் கூட்டாய்வு செய்கிறார்கள். அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, தளம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். நல்லதே. ஆனால், மைதானத்தில் வரிசையாக நிற்கும் வண்டியை நடந்தபடி பார்ப்பதால் டிரம்முக்குள் இருக்கும் ரப்பர் தெரியாது. பின்சக்கரத்தைக் கழற்றி வீல் சிலிண்டரைப் பார்த்த பட்டறையின் சான்றை ஆண்டுதோறும் இணைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், அரசுக்குச் செலவில்லை.

எட்டு ஆண்டு கடந்த வாடகை வாகனத்துக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று கட்டாயம். சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவான வேனுக்கோ முதல் 15 ஆண்டுகள் அப்படியொரு சோதனையே இல்லை. பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். அத்தகைய வேன்களிலும் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வருகிறார்கள் என்பது ஊரறிந்த இரகசியம். அந்த வேன்களைப் பொறுத்தவரை, காலையில் பிள்ளையை ஏற்றிவிடும் பெற்றோர் டயரின் உட்புறத்தைக் குனிந்து பார்ப்பதும், "முதல் மிதியில் பிரேக் பிடிக்கிறதா?" என்று கேட்பதும்தான் இன்றைக்கு உள்ள ஆய்வு.

எங்கள் தெரு வேனுக்கு அடியில் இப்போது இரவுதோறும் அட்டை கிடக்கிறது. நேற்றுக் காலை அதில் ஒரேயொரு கருப்புப் புள்ளி இருந்தது. ஓட்டுநர் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார், டம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்த்தார், மிதந்தது. என்ஜின் ஆயில்தான், பொங்கல் விடுமுறை வரை பொறுக்கும் என்று சொல்லிவிட்டுச் சவாரிக்குக் கிளம்பினார்.