காணொலி அழைப்புகளில் ஹெட்செட், மைக் கோளாறுகள்

காணொலி அழைப்பில் ஒருவர் பேசுவது மறுமுனையில் கேட்காவிட்டால் ஹெட்செட் கெட்டுவிட்டது என்றே பலரும் முடிவு செய்கின்றனர். ஆனால் நம் குரல் மைக்கில் தொடங்கி, பிளக் அல்லது புளூடூத் இணைப்பு, இயங்குதளம், செயலி அல்லது உலாவி, இணையம் ஆகியவற்றைக் கடந்தே மற்றவர் காதுக்குப் போகிறது. இவற்றில் ஒன்று தடைபட்டாலும் விளைவு ஒன்றுதான். இணையவழி நேர்காணலில் முதல் ஐந்து நிமிடம் "கேட்கிறதா, கேட்கிறதா" என்பதிலேயே கழிந்தால் இழப்பு விண்ணப்பித்தவருக்குத்தான். ஆகவே எதையும் கழற்றி மாட்டுவதற்கு முன் ஒலி எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டறிவது நல்லது.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அழைப்புச் செயலியை மூடிவிட்டு, கணினியில் உள்ள ஒலிப்பதிவுச் செயலியில் சில நொடிகள் பேசிப் பதிவு செய்து கேட்க வேண்டும். விண்டோஸில் சவுண்ட் ரெக்கார்டரும், மேக்கில் குயிக்டைம் பிளேயரும் இதற்குப் போதும். பதிவில் குரல் தெளிவாக இருந்தால் மைக், இணைப்பு, இயங்குதளம் மூன்றும் நலம். கோளாறு செயலியிலோ இணையத்திலோ உள்ளது. பதிவிலும் குரல் இல்லையெனில் செயலியின் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

மடிக்கணினியின் மைக், வெப்கேமராவின் மைக், ஹெட்செட்டின் மைக் என ஒரே கணினியில் மூன்று மைக்குகள் இருக்கலாம். செயலி எதை எடுத்துக்கொண்டுள்ளது என்பதை அறிய, பேசிப் பார்ப்பதைவிடத் தட்டிப் பார்ப்பது மேல். செயலியின் ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஹெட்செட் மைக்கை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். ஒலி அளவைக் காட்டும் பட்டை துள்ளாமல், மடிக்கணினியின் உடலைத் தட்டும்போது மட்டும் துள்ளினால் தேர்வு தவறு. அழைப்பின் நடுவில் ஹெட்செட்டை மாட்டுவோருக்கு இது அடிக்கடி நேரும்.

வயரிலோ காதுக்குமிழிலோ உள்ள மியூட் பொத்தானையும் பார்க்க வேண்டும். அதை அழுத்தியது எல்லாச் செயலிகளுக்கும் தெரியாது. திரையில் மைக் திறந்திருப்பதாகவே காட்டும். சில ஹெட்செட்களில் மைக் தண்டை மேலே தூக்கினாலே ஒலி அடங்கிவிடும்.

அனுமதி மறுக்கப்படுவதும் பொதுவான காரணமே. 2018இல் வந்த மேக் ஓஎஸ் மொஹாவே முதல் ஒவ்வொரு செயலியும் மைக்கைப் பயன்படுத்தத் தனியே அனுமதி பெற வேண்டும். விண்டோஸில் இது செட்டிங்ஸில் உள்ள பிரைவசி பகுதியில் இருக்கிறது. உலாவியில் பேசுபவர்கள் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சிறு குறியை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி உள்ளதா என்று பார்க்கலாம். அனுமதி கொடுத்தபின் செயலியை மூடித் திறப்பது அவசியமாகலாம்.

பிளக்கில் எத்தனை வளையம்?

3.5 மில்லிமீட்டர் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள் மட்டும் இருந்தால் பொதுவாக அது கேட்பதற்கான ஹெட்போன். மூன்று வளையங்கள் இருந்தால் நான்கு தொடுமுனைகள். இடது, வலது, தரை, மைக். மேசைக் கணினியில் பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டு துளைகள் இருப்பின், மூன்று வளையப் பிளக்கைப் பச்சையில் செருகினால் ஒலி கேட்கும், மைக் வேலை செய்யாது. இரண்டாகப் பிரிக்கும் சிறிய கேபிள் ஒன்று வாங்கினால் போதும்.

நான்கு முனைகளிலும் இரு மரபுகள் உண்டு. இன்று பெரும்பாலான கருவிகள் சிடிஐஏ முறையைப் பின்பற்றுகின்றன. பழைய ஓஎம்டிபி முறையில் தரையும் மைக்கும் இடம் மாறியிருக்கும். வயரிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டும் ஒலி சரியாகிறது என்றால் இந்தப் பொருத்தமின்மையை ஐயப்படலாம். யூஎஸ்பி ஹெட்செட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒலியை எண்முறைக்கு மாற்றும் சில்லு அதிலேயே இருக்கிறது.

புளூடூத்தில் குரல் மங்குவது ஏன்?

பாட்டு அருமையாகக் கேட்கும் ஹெட்செட், அழைப்பு தொடங்கியதும் பழைய தொலைபேசிபோல் ஒலிப்பதைப் பலர் பழுது என்று கருதி மாற்றக் கேட்கின்றனர். அது பழுதன்று. பாட்டுக்குப் புளூடூத் பயன்படுத்தும் ஏ2டிபி முறை ஒலியை ஒரு திசையில் மட்டும் அனுப்புகிறது. மைக் தேவைப்பட்டவுடன் கணினி எச்எஃப்பி என்னும் இருவழி முறைக்கு மாறுகிறது. இதன் பழைய வடிவத்தில் ஒலி நொடிக்கு 8,000 முறை மட்டுமே அளவெடுக்கப்படுவதால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் போய்விடும். எஸ், எஃப் எழுத்துகளை வேறுபடுத்தும் உரசொலிகள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேல்தான் உள்ளன. மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது குழப்பம் வருவது இதனால்தான். எம்எஸ்பிசி உள்ள கருவிகளில் அளவெடுப்பு 16,000 ஆக உயர்வதால் குரல் ஓரளவு தேறும்.

இதற்குச் செலவில்லாத வழி: செயலியில் ஸ்பீக்கராகப் புளூடூத் ஹெட்செட்டையும், மைக்காக மடிக்கணினியின் மைக்கையும் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் ஏ2டிபி முறையே தொடரும். அமைதியான அறையாக இருந்தால் உங்கள் குரலும் தெளிவாகப் போகும். அறையில் சத்தம் மிகுதி என்றால் வயர் உள்ள ஹெட்செட்டே சிறந்தது. புளூடூத் 5.2 உடன் வந்த எல்இ ஆடியோ இந்தக் குறையைக் குறைக்கிறது; ஆனால் கணினி, ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

எதிரொலியும் இயந்திரக் குரலும்

உங்கள் குரலே சற்றுத் தாமதமாக உங்களுக்குத் திரும்பக் கேட்டால், குறை பெரும்பாலும் உங்களிடம் இல்லை. வேறொருவரின் ஸ்பீக்கரில் ஒலிக்கும் உங்கள் குரலை அவருடைய மைக் திரும்ப அனுப்புகிறது. ஒவ்வொருவராக மியூட் செய்யச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். காதைத் துளைக்கும் ஊளைச் சத்தம் என்றால், ஒரே அறையில் இருவர் ஸ்பீக்கரைத் திறந்துவைத்து ஒரே கூட்டத்தில் இருக்கக்கூடும்.

சொற்களின் தொடக்கம் விழுங்கப்பட்டால் செயலியின் இரைச்சல் நீக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். இணையத்தில் இசை வகுப்பு நடத்துவோருக்கு இது பெரிய தலைவலி; சுருதிப்பெட்டியின் இடையறாத ஒலியையும் மின்விசிறிச் சத்தம்போல் கருதி அது நீக்கிவிடக்கூடும்.

குரல் இயந்திரம்போல் உடைந்து உடைந்து வருவது மைக் கோளாறு அன்று. இணையத்தில் தரவுத் துணுக்குகள் வழியில் தொலைவதன் அடையாளம். கேமராவை அணைத்தால் குரலுக்கு இடம் கிடைக்கும். வைஃபை பெட்டிக்கு அருகில் போய் அமர்ந்தாலும் பலன் தெரியும்.