காந்தமா, காகிதமா?

எலெக்ட்ரிக் கிதாரின் குரலில் ஸ்பீக்கருக்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டு ஸ்பீக்கர் வந்த ஒலியை அப்படியே தர வேண்டும். கிதார் ஸ்பீக்கரோ சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சட்டென்று குறைத்து, ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பை மழுக்கிவிடும். 1960களின் இரண்டு பிரிட்டிஷ் ஸ்பீக்கர்களை எடுத்துக்கொள்வோம். வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயரில் ஒலித்த செலஸ்டியன் ‘புளூ’ அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம் கொண்டது, கணீரென்று பேசும். மார்ஷல் ஸ்பீக்கர் பெட்டிகளில் புகழ்பெற்ற ‘கிரீன்பேக்’ செராமிக் காந்தம் கொண்டது. தடித்த குரலில் உறுமும்.

இதை வைத்து, அல்னிகோவே உயர்ந்தது என்பவர்கள் உண்டு. ஆனால் காற்றை அசைப்பது காகிதக் கூம்பு. அதன் தடிமனும் விளிம்பு மடிப்பும் அதை அசைக்கும் கம்பிச் சுருளின் எடையும் வேறாக இருக்கையில், வித்தியாசம் முழுவதையும் காந்தத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. இன்றைய தயாரிப்புகளில் புளூவின் உணர்திறன் 100 டெசிபல், கிரீன்பேக்குடையது 98. அதாவது, ஒரே மின்திறனில் புளூ சற்று உரக்க ஒலிக்கும். கூடுதல் சத்தத்தைக் கூடுதல் இனிமை என்றே காது எடுத்துக்கொள்ளும். காது சொல்வது போதாதா என்றால், போதும். இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிய பிறகு. பழைய ஸ்பீக்கர் வாங்குவோர் முதலில் கூம்பைப் பாருங்கள். அது மாற்றப்பட்டிருந்தால், பழைய குரலில் பெரும்பகுதி போய்விட்டது.