பட்டாசாலையில் பாலே

ருக்மிணி தேவி அருண்டேல் பரதநாட்டியத்துக்கு முன்பே பாலே பழகியவர். 1904இல் பிறந்த அவர், 1920களின் கடைசியில் ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவோடு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் பயணம் செய்தார். பாவ்லோவா சொன்னதன் பேரில் அவர் குழுவிலிருந்த கிளியோ நார்டி பாலே சொல்லிக்கொடுத்தார். ஏழெட்டு வயதில் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் கலையை இருபத்தைந்தை ஒட்டிய வயதில் தொட்டிருக்கிறார்! உங்கள் நாட்டு நடனத்தைப் பாருங்கள் என்று வழி திருப்பியதும் பாவ்லோவாதான். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935இல் அடையாற்றில் மேடையேறும்போது அவருக்கு வயது 31. அவர் பெயரைச் சொல்லும் நாம், தலைமுறைகளாக அந்த ஆட்டத்தைக் கட்டிக் காத்த இந்த ஆசிரியர்களின் பெயரைப் பாதி நேரம் விட்டுவிடுகிறோம்.

இந்தக் கதை எனக்கு வேண்டியிருக்கிறது. நாற்பதைத் தாண்டி, தென்காசியில் பாலே பழகுகிறேன் என்றால் கேட்பவர்கள் முதலில் என் முட்டியைத்தான் பார்க்கிறார்கள். இங்கே நேரில் கற்றுக்கொடுக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பெங்களூரில் பாலே வகுப்புக்குப் போகும் அக்கா மகள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வாத்தியார். வீட்டின் பட்டாசாலையில், அதாவது கூடத்தில், சன்னல் கம்பிதான் பிடிமானம்.

பாலேயில் எல்லாம் தொடை திரும்புவதில் தொடங்குகிறது. குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை வெளிப்பக்கம் விரித்து நிற்பது முதல் நிலை. இப்படி ஐந்து நிலைகள். 1661இல் பாரிஸில் நடனக் கழகம் தொடங்கிய பதினான்காம் லூயியின் ஆட்சிக் காலத்தில் வரையறுத்தவை, அடிப்படையில் இன்றும் மாறவில்லை. படத்தில் பாதங்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதைப் பார்த்து நாமும் அப்படியே விரிக்கப் போவோம். "சித்தி, பாதத்தைத் திருப்பாதீங்க. இடுப்புலேருந்து தொடையைத் திருப்புங்க, பாதம் தானா வரும்" என்பாள். வளர்ந்தவர்களுக்கு இடுப்பு மூட்டின் எலும்பு அமைப்பு இனி மாறாது. அது எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் கணக்கு. மீதியைப் பாதத்தில் இழுத்துப் பிடித்தால் முட்டி முறுக்கிக்கொள்ளும்.

அடுத்தது பிளியே. முதுகு நேராக இருக்க, முட்டியை மடக்கி இறங்குவது. முட்டி கால்விரல்களுக்கு நேர் மேலே போக வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. நம் அரைமண்டியின் உறவுதான் இது. ஆனால் அரைமண்டியில் உட்கார்ந்தபடியே தரையைத் தட்டி ஆடுகிறோம். பாலேயில் இறங்குவது எழும்புவதற்காக. பள்ளி நாளில் கொஞ்சம் பரதம் ஆடிய என் உடம்புக்கு, இறங்குவது நினைவிருக்கிறது, எழும்புவதுதான் வரவில்லை.

விரல் நுனியில் நிற்கும் கட்டைக் காலணி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கணுக்காலும் கெண்டைக்காலும் பல வருடம் உரமேறி, ஆசிரியர் நேரில் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அதைத் தொடலாம். வீடியோவைப் பார்த்து வாங்கிப் போடுவது சுத்த மடத்தனம். புதிதாகத் தொடங்குபவருக்கு மெல்லிய தோல் அல்லது துணிக் காலணி போதும்.

சாரல் காலத்தில் இங்கே வேறொரு தொல்லை. மொசைக் தரை ஈரம் கோத்துக் கிடக்கும். "இந்த வழுக்குத் தரையில எதுக்குட்டி கூத்து?" என்று அத்தை சத்தம்போடுவதில் நியாயம் இருக்கிறது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பாதத்தோடு ஆடவே கூடாது.

ஆட்டம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. நடராசரின் ஐந்து சபைகளில் சித்திர சபை குற்றாலத்தில்தான்; அங்கே சுவரோவியத்தில் ஆடுகிறார். தென்காசி காசி விசுவநாதர் கோயில் முன்மண்டபத்தில் காலைத் தலைக்கு மேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவச் சிலை நிற்கிறது. தூக்கிய காலை விட்டுவிட்டு, ஊன்றிய காலைப் பார்க்கப் பழகியிருக்கிறேன். அந்தக் கால் நிலைக்காவிட்டால் மற்றது எழும்பாது.

பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியை 1944இல் தம் கலைப்பள்ளியான கலாக்ஷேத்திராவின் முதல் நாட்டிய நாடகமாக ஆக்கியதும் ருக்மிணி தேவிதான். ஒருவர் ஆடும் ஆட்டத்தைப் பலர் சேர்ந்தாடும் முழு நாடகமாக மேடைக்குக் கொண்டுவந்ததில், அவர் பார்த்த பாலேக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சீசன் தொடங்கினால் அருவிக் குளியலுக்கு உறவுக்காரர்கள் வந்து பட்டாசாலையில் பாய் விரித்துவிடுவார்கள். அந்த மாதங்களில் பயிற்சி அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டுதான். பக்கவாட்டில் கால் நீட்டினால் கிரைண்டர் இடிக்கும். முன்னும் பின்னும் மட்டும் நீட்டிக்கொள்கிறேன்.