வையாஹோலே ஓடைகளும் ஹவாய் அரசியல் சட்டமும்

பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய்த் தீவுகள் 1959-ம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஐம்பதாவது மாநிலமாயின. அவற்றுள் ஒன்றான ஓவாஹு தீவில் கூலாவ் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று அம்மலையில் மோதி ஒரு புறத்தில் பெருமழை பெய்விக்கிறது. மறுபுறம் மழை மறைவுப் பிரதேசமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு புறங்களையும் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வறண்ட புறத்திலிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு நீர் கொண்டுசெல்ல, 1913 முதல் 1916 வரை மலையைக் குடைந்து வையாஹோலே கால்வாய் அமைக்கப்பெற்றது. எரிமலைக் குழம்பு பிளவுகளில் புகுந்து இறுகியதால் அம்மலைக்குள் செங்குத்தான பாறைச் சுவர்கள் பல உண்டு. அவற்றினிடையே தேங்கும் நிலத்தடி நீர் ஊற்றாகக் கசிந்து, மழையில்லா நாட்களிலும் ஓடைகளை ஓடச் செய்துவந்தது. சுரங்கங்கள் இச்சுவர்களைத் துளைத்தன. ஓடைகளிலிருந்து நேரே எடுத்த நீர் ஒருபுறமிருக்க, அவற்றைப் பிறப்பித்த ஊற்றே திசை மாறிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.7 கோடி காலன், அதாவது சுமார் 10 கோடி லிட்டர் நீர், கரும்பிற்குப் பயன்பட்டது. வையாஹோலே, வையனு, வைக்கானே, கஹானா ஆகிய ஓடைகள் மெலிந்தன.

இதனால் நேர்ந்த இழப்பு யாது? அவ்வோடைக் கரைகளில் வாழும் ஹவாய் மக்களின் தலையாய உணவு காலோ என்னும் கிழங்கு. அது நமது சேப்பங்கிழங்கேயன்றி வேறன்று. ஆயினும் அங்கு அதனை நெல்வயல் போன்ற பாத்திகளில் நீர் நிறுத்திப் பயிரிடுகின்றனர். அந்நீர் குளிர்ச்சியாகவும் இடையறாது ஓடிக்கொண்டும் இருத்தல் வேண்டும். தேங்கி வெப்பமடைந்தால் கிழங்கு அழுகிவிடும். பாத்தியைக் கடந்த நீர் மீண்டும் ஓடையையே சேரும்.

ஓஓபு என்னும் சிறு மீனின் வாழ்க்கை இதனினும் வியப்பானது. அதன் குஞ்சுகள் ஓடையில் பொரித்து, நீரோட்டத்தால் கடலுக்கு அடித்துச் செல்லப்படுகின்றன. சில மாதங்கள் அங்கு வளர்ந்து மீண்டும் ஓடைக்குள் ஏறுகின்றன. வயிற்றுப்புறத் துடுப்புகள் ஒன்றிணைந்து உறிஞ்சும் கிண்ணம் போல் அமைந்திருப்பதால், அருவிப் பாறையையும் பற்றி ஏறவல்ல இனங்கள் இவற்றுள் உண்டு. மலைமுதல் கடல்வரை நீர் தொடர்ந்து ஓடாவிடில் இவ்வாழ்க்கைச் சுழல் அறுபடும்.

1973-ம் ஆண்டில் ஹவாய் சுப்ரீம் கோர்ட்டு, 1848-ம் ஆண்டில் மன்னராட்சியில் நிகழ்ந்த நிலப் பங்கீட்டின்போது நீர் எவருக்கும் தனிவுடைமையாகத் தரப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. 1978-ம் ஆண்டில் திருத்தியமைக்கப்பெற்ற மாநில அரசியல் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. அதன் 11-வது அத்தியாயத்தின் முதற் பிரிவு, பொது இயற்கை வளங்களை அரசாங்கம் மக்களுக்காகப் பொறுப்பேற்றுக் காக்கவேண்டும் என்கிறது. 7-வது பிரிவு நீரைத் தனியே குறிப்பிடுகிறது. 9-வது பிரிவு தூய, நலந்தரும் சூழலை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. இவற்றிற்கேற்ப 1987-ல் நீர்ச்சட்டமும் நீர்வளக் கமிஷனும் தோன்றின.

1993-ம் ஆண்டில் சர்க்கரைக் கம்பெனி தன் தொழிலை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அந்நீர் இனி யாருக்கு? ஓடைகளுக்கே என்றனர் கரைவாழ் மக்கள். தங்களுக்கு என்றனர் மறுபுறத்து நிலவுடைமையாளரும் பிறரும். வழக்கு நடக்கையிலேயே, பயன்படாது எஞ்சிய நீரின் ஒரு பகுதி ஓடைகளில் விடப்பட்டது. விளைவு விரைவில் புலப்பட்டது. உள்நாட்டு மீன்களுக்கு நோயும் போட்டியும் தந்த அயல்நாட்டு மீன்களை வேகமான நீர் அடித்துச் சென்றது. நீதிமன்றத் தீர்ப்பொன்றில் மீனினங்களைப் பற்றிய செய்தி இவ்வளவு இடம்பெறுவது புதுமையே.

1997 டிசம்பரில் கமிஷன் நீரின் ஒரு பகுதியை ஓடைகளுக்கும், கணிசமான பகுதியை மறுபுறத்திற்கும் ஒதுக்கியது. 2000 ஆகஸ்டு 22-ல் சுப்ரீம் கோர்ட்டு அம்முடிவின் பல பகுதிகளை நீக்கி மறு விசாரணைக்கு அனுப்பியது. நீரை இயற்கை நிலையில் காத்தல், வீட்டுத் தேவை, பழங்குடி மக்களின் மரபுரிமை ஆகியவையே அரசாங்கப் பொறுப்பின் நோக்கங்கள். தனியாரின் வாணிப உபயோகம் அவற்றுள் சேராது. நீரைத் திருப்ப விரும்புவோரே அதன் நியாயத்தை மெய்ப்பிக்க வேண்டும். விஞ்ஞான ஆதாரம் இன்னும் முழுமை பெறவில்லை என்பது ஓடையைக் காவாதிருக்கக் காரணமாகாது. தீர்ப்பின் சாரம் இதுவே. எனினும் கால்வாய் மூடப்படவில்லை. பங்கீட்டுத் தகராறு 2004-ல் மீண்டும் அதே நீதிமன்றத்தை எட்டியது.

நம் நாட்டில் நீர் மாநிலப் பட்டியலின் 17-வது இனம். 1976-ம் ஆண்டின் 42-வது திருத்தம் 48-அ விதியால் சூழலைக் காக்கும் கடமையை அரசுக்கு அளித்தது. 1996 டிசம்பரில், இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் போக்கைத் தனியார் மாற்ற முயன்ற வழக்கில், நமது சுப்ரீம் கோர்ட்டும் அரசாங்கம் பொதுவளங்களின் பொறுப்பாளரே என்று உரைத்தது. ஆனால் 1882-ம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம், வரையறுத்த ஓட்டமில்லாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளருக்கு இன்றும் தருகிறது. கூலாவ் மலைக்குள் சுரங்கம் துளைத்து எடுத்ததும் ஓடையைப் பிறப்பித்த நிலத்தடி நீரையேயாகும்.