கட்டடத்துக்குப் பின்னால் – 7: நிறுத்தச் சொல்லும் கை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்று. இரண்டு முச்சக்கர வண்டிகள் உரசாமல் போகலாம், அவ்வளவுதான் அகலம். ஒரு பக்கம் பழைய ஓட்டு வீடுகள்; மறுபக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் தொடர்மாடி. அதன் உச்சியில் டவர் கிரேன். காலை ஏழே முக்காலுக்கு லொறியிலிருந்து கம்பிக்கட்டு ஒன்று ஒரு சாண் உயரம் எழும்பி அப்படியே நின்றது. கீழே நின்ற ஒருவர் கையை உயர்த்தியிருந்தார். அவருடைய கண் கம்பியில் இல்லை, ஒழுங்கையின் திருப்பத்தில் இருந்தது. பள்ளிக்கூட வான் ஒன்று திரும்பி வந்து கடந்து போனது. உள்ளே இருந்த பிள்ளைகள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வான் மறைந்த பிறகே அவருடைய சுட்டுவிரல் மேல்நோக்கிச் சின்னதாக ஒரு வட்டம் போட்டது. கம்பிக்கட்டு ஏறத் தொடங்கியது.

கம்பி கட்டுகிறவர்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். அந்தக் கம்பியை மேலே அனுப்புகிற இந்த மனிதருக்குத் தமிழில் நிலையான பெயர்கூட இல்லை. சைட்டில் 'சிக்னல்காரர்' என்கிறார்கள். கிரேனைப் பார்க்கிற எல்லோரும் மேலே கபினில் இருக்கிற ஓப்பரேட்டரைத்தான் நினைக்கிறோம். ஆனால் அந்த ஓப்பரேட்டருக்குத் தான் தூக்கும் பாரத்தின் பாதிப் பயணம் தெரியாது. முப்பது மாடி உயரத்திலிருந்து பார்த்தால் கீழே லொறி ஒரு தீப்பெட்டி. கட்டடத்தின் விளிம்பு மறைத்துவிட்டால் அதுவும் இல்லை. அந்த நேரத்தில் அவர் கையில் இருப்பது நெம்புகோல் மட்டும். கண் கீழே இன்னொருவரிடம் இருக்கிறது.

தேநீர் நேரத்தில் அவரோடு பேசினேன். ஊர் கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதிப் பக்கம். தகப்பனாரும் துறைமுகம், இவரும் இளமையில் துறைமுகம். கட்டட வேலைக்கு வந்தது பிறகுதான். "இது புதுசா படிச்ச தொழில் இல்ல தம்பி, அங்க பாத்த அதே வேலதான்" என்றார்.

அது உண்மை. கொள்கலன் வருவதற்கு முன் கொழும்புத் துறைமுகத்தில் அரிசி மூட்டையும் மாப் பையும் கப்பலின் அடிக்கிடங்கிலிருந்து வலையில் ஏறி வந்தன. வின்ச் இயக்குகிறவருக்குக் கிடங்கின் அடி தெரியாது. கிடங்கு வாயின் விளிம்பில் ஒருவர் நிற்பார். ஒரு கண் உள்ளே, மறு கண் வின்ச்காரரிடம். கீழே இருபது முப்பது அடி ஆழத்தில் ஆட்கள். அவர் கை காட்டாமல் வலை அசையாது. 1958இல் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் வந்தது, 1979இல் துறைமுக அதிகாரசபை வந்தது, பிறகு பெருங்கிரேன்கள் வந்து அந்த வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. ஆனால் கிடங்கு வாயில் நின்ற அந்த மனிதரை வெள்ளவத்தை ஒழுங்கையில் நான் மறுபடி பார்த்தேன்.

கைச்சைகைகள் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அமெரிக்க முறையில் 'நிறுத்து' என்றால் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, முன்னும் பின்னும் வீச வேண்டும். ஐரோப்பாவின் 1992ஆம் ஆண்டு விதியில், வலக்கையை உயர்த்தி உள்ளங்கையை முன்னே காட்டினால் 'நிறுத்து'. ஒரே சைட்டில் ஒரு பொறியியலாளர் சீனாவிலிருந்தும், இன்னொருவர் இந்தியாவிலிருந்தும், ஓப்பரேட்டர் குருநாகலிலிருந்தும், சிக்னல்காரர் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகிற கொழும்பில் இது சின்ன விஷயம் அல்ல. புது ஓப்பரேட்டர் வந்தால் முதல் பாரம் தூக்குவதற்கு முன் இவர் எல்லாச் சைகைகளையும் ஒரு தடவை செய்து காட்டுவாராம். பிறகு அவரைச் செய்யச் சொல்லிப் பார்ப்பாராம்.

இப்போது அவர் இடுப்பில் வோக்கி டோக்கியும் இருக்கிறது. கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் குரல்தான் வழி. அதில் அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இந்தத் தொடர் முழுவதிலும் மறக்காது. எதிர்மறைச் சொல்லை றேடியோவில் சொல்லவே கூடாது. ஏன்? தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில்தான் வருகிறது. 'தூக்காதே' என்று சொல்லும்போது இரைச்சலில் வால் அறுந்தால், மேலே 'தூக்கு' என்று கேட்கும். சிங்களமும் அப்படியே. 'உஸ்ஸன்ன' என்றால் தூக்கு. 'உஸ்ஸன்ன எப்பா' என்றால் தூக்காதே. 'எப்பா' என்பது காற்றில் போனால் வேண்டாம் என்று சொன்னவரே தூக்கச் சொன்னவர் ஆகிவிடுகிறார். அதனால் இவர் வாயில் ஒரே சொல்: "ஸ்டொப்". அதையும் மூன்று தடவை.

பாரம் மறைவில் இறங்கும்போது இவர் பேச்சை நிறுத்துவதே இல்லை. "இறக்கு, இறக்கு, இறக்கு, மூணு மீட்டர், ரெண்டு, ஒண்ணு, மெதுவா…" குரல் அறுந்தால் ஓப்பரேட்டர் நிறுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். பற்றரி செத்தாலும், இவரே தடுக்கி விழுந்தாலும், மௌனத்துக்கு அங்கே ஒரே பொருள்தான்.

சங்கிலி கட்டுவது வேறு ஆளின் வேலை என்றாலும், பிழையாகக் கட்டிய பாரத்துக்கு இவர் விரல் சுழலக் கூடாது. அங்கேதான் ஒரு கணக்கு வருகிறது. இரண்டு பேர் ஒரு வாளியைக் கயிற்றில் தூக்கி நடக்கும்போது, விலகி விலகி நடந்தால் கை கூடுதலாக வலிக்கும் அல்லவா? பாரத்தைக் கொக்கியில் மாட்டும் ஸ்லிங்கும் அப்படித்தான். 2 தொன் பாரத்தை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்கினால், கால்களுக்கு இடையே கோணம் 60 பாகையாக இருக்கும்போது ஒவ்வொரு காலிலும் ஏறத்தாழ 1.15 தொன். கோணம் 90 ஆனால் 1.41. 120க்கு விரிந்தால் ஒவ்வொரு காலும் முழு 2 தொன்னையும் இழுக்கிறது. கட்டு மாறவில்லை, பாரம் மாறவில்லை, கயிறு மட்டும் அறுகிறது. ஒரு சாண் தூக்கி நிறுத்துவது இதற்காகத்தான்: சாய்கிறதா, நழுவுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க. மேலே போன பிறகு பார்ப்பதில் பயன் இல்லை.

கிரேன் விபத்தில் சாகிறவர்கள் எல்லோரும் கட்டடத் தொழிலாளர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2015 செப்டெம்பர் 11இல் மக்காவில், பலத்த காற்றில் சாய்ந்த கிரேன் பள்ளிவாசலில் இருந்த 111 பேரைக் கொன்றது. 2020 பெப்ரவரி 19 இரவு, சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் விழுந்து மூவர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் நெமிலியை அடுத்த கோயில் திருவிழாவில், சுவாமிக்கு மாலை போட ஆட்களை ஏற்றிய கிரேன் கூட்டத்துக்குள் கவிழ்ந்தது; நான்கு உயிர்கள் போயின. தொழுகை, சினிமா, திருவிழா. ஆட்களின் தலைக்கு மேல் கிரேன் நிற்கும் இடமெல்லாம் 'விலகுங்கள்' என்று சொல்வதையே வேலையாகக் கொண்ட ஒருவர் வேண்டும். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்கவும் வேண்டும்.

கேட்பதில்தான் பிரச்சினை. இவர் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், கொங்கிறீட் லொறிகள் வரிசையில் காத்திருந்த ஒரு நாள் காற்று எழும்பியது. ஷட்டர் பலகைகள் பாய் விரித்த மாதிரி காற்றைப் பிடிக்கும் என்று இவர் நிறுத்தினார். மேற்பார்வையாளர் ஓடி வந்து வோக்கியைப் பறித்து, கையாளாக நின்ற ஒரு பொடியனிடம் கொடுத்தார். அன்றைக்குப் பலகை கட்டடச் சுவரில் மோதி உடைந்ததோடு போயிற்று. கீழே ஆள் இல்லை. "அந்தப் பொடியன் மேல எனக்குக் கோபமில்ல தம்பி. அவனுக்கு என்ன தெரியும்? மலையிலருந்து வந்து மூணு நாளு."

எனக்குக் கோபம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் பாரந்தூக்கிகளைச் சோதிக்கச் சொல்கிறது. இயந்திரத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது, ஓப்பரேட்டருக்குப் பயிற்சி இருக்கிறது, வோக்கி மட்டும் அந்த நேரத்தில் கை சும்மா இருக்கிறவரிடம் போகிறது. சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டின் கிரேன் ஒழுங்குவிதிகளின்படி பயிற்சி பெற்று, பெயர் குறித்து நியமிக்கப்பட்டவரே சைகை காட்டலாம். தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள் அந்த வகுப்பைத் தமிழிலேயே படிக்கிறார்கள். அதே வகுப்பைச் சிங்களத்திலும் தமிழிலும் கொழும்பில் நடத்த எத்தனை வகுப்பறை வேண்டும்? எத்தனை நாள் வேண்டும்? பறிக்க முடியாத வோக்கி ஒன்று வேண்டும், பிறகு அந்த வகுப்பு வேண்டும். இரண்டும் இல்லாமல் காலி வீதியோரம் இன்னொரு மாடி எழும்பக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு விதியும் உண்டு, அதை வாசகர்களுக்கே சொல்கிறேன். தூக்கு, திருப்பு, இறக்கு என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பாரத்தின் கீழே குழந்தை ஓடுவதை மாடியிலிருந்து பார்க்கிற அம்மா ஒருவர் கத்தினாலும் அது செல்லுபடியாகும் கட்டளை.

பின்னேரம் மறுபடி போனேன். கொக்கி மேலே இழுக்கப்பட்டு வெறுமையாகத் தொங்கியது. இரவில் டவர் கிரேனின் நீண்ட கை தானாகத் திரும்புவதைப் பார்த்து, பிரேக் விட்டுவிட்டது என்று வெள்ளவத்தையில் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றேதான் அப்படி விடுகிறார்கள். பூட்டி வைத்தால் காற்று அதைத் தள்ளி முறிக்கப் பார்க்கும். விட்டுவிட்டால் காற்றுப் போகும் பக்கம் திரும்பிக்கொள்ளும். தென்மேல் பருவக்காற்று நாட்களில் அது கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும்.

கரையோர ரயில் ஒன்று கடந்து போனது. அதன் சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு ஒழுங்கையின் நடுவுக்கு வந்து அண்ணாந்து பார்த்து, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கோத்துக் காட்டினார். மேலே கபினில் விளக்கு அணைந்தது.