வண்ணம் தீட்டிய வணிக மாளிகைகள்

வங்கிப் பணியில் இருப்போர்க்கு ஊர் மாற்றம் தவிர்க்க இயலாதது. அவ்வகையில் இராஜஸ்தானத்தின் ஜுன்ஜுனு மாவட்டத்தில் மூன்றாண்டுகள் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கம்பும் கடுகும் விளையும் மணற்பாங்கான பூமி அது. வயல்களின் நடுவே ஆங்காங்கே வன்னி மரங்கள் நிற்கும். அத்தகைய வறண்ட நிலத்தின் சிற்றூர்களில், அடி முதல் முடி வரை ஓவியம் தீட்டப்பெற்ற மாளிகைகள் தெருத்தெருவாக நிற்பதை முதன்முதலில் கண்டபோது வியப்பே மேலிட்டது. 'ஹவேலி' எனப்படும் இம்மாளிகைகள் நிறைந்த ஜுன்ஜுனு, சீகர், சூரு வட்டாரத்திற்கு ஷேகாவாட்டி என்று பெயர். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராவ் ஷேகா என்னும் தலைவனின் பெயரால் அமைந்தது அது.

உண்டியல் கட்டிய ஊர்கள்

குஜராத் துறைமுகங்களுக்கும் டெல்லிக்கும் இடையே ஒட்டகக் கூட்டங்கள் சென்ற வணிகப் பாதையில் இருந்தமையால் இவ்வூர்கள் செழித்தன. பின்னர் கல்கத்தாவும் பம்பாயும் பெருந்துறைமுகங்களாக வளர்ந்து, இருப்புப்பாதைகளும் வந்தபின் பாலைவன வணிகம் நலிந்தது. மார்வாடி வணிகர்கள் அந்நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஈட்டிய செல்வத்தைப் பிறந்த ஊருக்கே அனுப்பி மாளிகை, கோயில், கிணறு, குளம் எனக் கட்டுவித்தனர். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்தவையே இன்று நாம் காணும் மாளிகைகளுட் பெரும்பாலானவை.

அக்காலத்தில் பணம் பயணம் செய்தது உண்டியல் வழியாக. கண்டவுடன் பணம் தரவேண்டியது 'தர்சனி' உண்டியல்; தவணை குறித்தது 'முத்ததி' உண்டியல். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், நாட்டு மொழிகளில் எழுதப்படும் இத்தகைய ஆவணங்களின் உள்ளூர் வழக்கத்திற்குத் தன் முதற் பிரிவிலேயே இடமளித்தது. வணிகவியல் மாணவனாகப் பாடநூலில் மட்டும் படித்த அச்செய்தி, மாளிகையின் வரவேற்பறையில் திண்டுகளுக்கும் கணக்குப் பேழைகளுக்கும் நடுவே நின்றபோதுதான் எனக்கு உயிர்பெற்றது.

செட்டிநாட்டை அறிந்தவர்க்கு இவ்வீடுகள் அந்நியமாகத் தோன்றா. ஆடவர் வணிகம் பேசும் வெளிமுற்றம், மகளிர் புழங்கும் உள்முற்றம் என்னும் அமைப்பைக் காணும்போது, முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் நினைவுக்கு வரும். கடல் கடந்து பர்மாவில் ஈட்டிய பொருள் காரைக்குடியில் வீடானது போல, கல்கத்தாவில் ஈட்டிய பொருள் இங்கே வீடாயிற்று.

சுவரே ஏடு

ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல் வண்ணம் தீட்டுவது இங்குள்ள ஓவிய முறை. செங்காவி, அவுரி நீலம், விளக்குக் கரி ஆகியவை பழைய வண்ணங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் செயற்கைச் சாயங்களும் வந்துசேர்ந்தன. 'சேஜாரா' எனப்பட்ட கொத்தர்களே ஓவியர்களாகவும் இருந்தனர். இராமன், கண்ணன் கதைகளின் அருகிலேயே புகைவண்டியும் மோட்டார் வண்டியும் தொப்பியணிந்த வெள்ளையரும் இடம்பெற்றிருப்பதைக் காணலாம். நகரில் வாழ்ந்த முதலாளி கண்டவற்றையெல்லாம் ஊர்ச் சுவர் பதிவு செய்துகொண்டது.

மாவட்டத்தில் காணத்தக்கவை பல. 1737-இல் தாகூர் நவல் சிங் நிறுவிய நவல்கட்டில், 1902-இல் கட்டப்பெற்ற போதார் ஹவேலி இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. மண்டாவாவில் 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டை விடுதியாக மாறியுள்ளது. ஜுன்ஜுனு நகரில் கதவும் சன்னலுமின்றித் தூண்களும் வளைவுகளுமாகக் காற்று உலாவக் கட்டிய கேத்ரி மகாலும், ஆழ்ந்த மேர்த்தணி படிக்கிணறும் உள்ளன. ஊர்க் கிணறுகளின் நான்கு மூலைகளிலும் உயர்ந்து நிற்கும் தூண்கள், தொலைவில் வரும் பயணிக்கு நீர் இருக்கும் இடத்தை அறிவித்தன.

கேத்ரி தமிழர்க்கும் நெருக்கமான ஊர். விவேகானந்தரின் சிகாகோ பயணத்திற்கு உதவியவர்களுள் கேத்ரி மன்னர் அஜித் சிங் முதன்மையானவர். 1893-இல் சென்னையிலிருந்து கேத்ரிக்கு வந்து மன்னரைக் கண்ட பிறகே சுவாமிகள் பம்பாயில் கப்பலேறினார். அவர் தாயாருக்கு மாதந்தோறும் 100 ரூபாய் அனுப்பிவந்தவரும் அம்மன்னரே.

கட்டட மதிப்பு: இல்லை

ஒருநாள் முதியவர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். பாட்டனார் கட்டிய மாளிகையின் ஒரு பகுதியைப் பயணியர் விடுதியாக்கக் கடன் வேண்டும் என்றார். மதிப்பீட்டாளருடன் நானும் சென்றேன். முகப்பில் யானைகளின் ஊர்வலமும், அதன் கீழ் நீண்ட புகைவண்டி ஒன்றும் இருந்தன. வாரம் கழித்து வந்த அறிக்கையில் நிலத்திற்கு ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தது. கட்டடம் என்ற இடத்தில், 'வயது முடிந்தது, மதிப்பு இல்லை' என்றிருந்தது. அத்துடன் சொத்தின் பங்காளிகள் 23 பேர். கல்கத்தாவிலும் சூரத்திலும் வாழ்ந்த அவர்களுள் பலர் அவ்வூரைப் பார்த்ததேயில்லை. அனைவரின் கையொப்பமும் இன்றி ஈட்டுக்கடன் வழங்க வழியில்லை.

"சாஹப், இருபத்து மூன்று பேருக்கும் சொந்தம் என்றால், யாருக்கும் சொந்தமில்லை என்றுதானே பொருள்?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து சென்றார். விதிப்படி நான் செய்தது சரியே. ஆயினும் அன்று மாலை கணக்கை முடித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப இயலவில்லை.

மாற்றலாகி வருமுன் ஒருமுறை அத்தெருவுக்குச் சென்றேன். மரக்கதவுகள் பழம்பொருள் வணிகரிடம் போய்விட்டன. முகப்பு இடிந்திருந்தது. எஞ்சிய சுவரில் புகைவண்டியின் கடைசி இரண்டு பெட்டிகள் மட்டும் நின்றன.

போதார் மாளிகை நிலைத்து நிற்பதற்கும் இது வீழ்ந்ததற்கும் காரணம் சுண்ணாம்பின் தரம் மட்டுமன்று. ஒன்றைப் பொறுப்பேற்க ஆள் இருந்தது. மற்றதற்கு உரிமையாளர் மட்டுமே இருந்தனர்.

வாசகர்களுள் பலருக்கும் சொந்த ஊரில் பூர்வீக வீடு இருக்கலாம். பெரியவர்கள் வாழும் காலத்திலேயே உடன்பிறந்தோர் ஒன்றுகூடி, குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதும், பராமரிப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவதும் நலம். இயன்றால் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்காலத்தில் ஒருமுறை ஷேகாவாட்டி சென்று வாருங்கள். டெல்லியிலிருந்தும் ஜெய்ப்பூரிலிருந்தும் எளிதில் அடையலாம். திரும்பி வந்தபின், உங்கள் ஊர் வீட்டின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.