சித்திரகூடத்துச் செய்தி அலைகள்

இராமகாதையைக் கேட்டு வளர்ந்தோர்க்குச் சித்திரகூடம் என்னும் பெயர் புதியதன்று. காடேகிய இராமனும் சீதையும் இளையவனும் குடிலமைத்துத் தங்கிய மலைச்சாரல் என்றே அதனை நாம் அறிவோம். இன்றும் யாத்திரிகர் கூட்டங் கூட்டமாக அங்கே செல்கின்றனர். ஆயின், கோயில்களையும் நீராடு துறைகளையும் கடந்து உட்கிராமங்களுக்குள் நுழைவோர் காணும் சித்திரகூடம் வேறு. வட இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் தென்கோடியிலே, புந்தேல்கண்ட் எனப்படும் வறண்ட நிலப்பரப்பைச் சேர்ந்தது அது. மழை அடிக்கடி பொய்க்கும். விளைவு குன்றிய காலத்தில் ஏழைகள் கல்லுடைக்கும் குவாரிகளை நாடுவர். அல்லது தொலைநகர்களுக்குக் கூலிவேலை தேடிப் போவர். சாதியின் பிடி மிக இறுக்கமானது. துப்பாக்கி ஏந்திய கொள்ளைக் கூட்டங்களும் அங்கே நெடுங்காலம் செல்வாக்குடன் உலாவின. ததுவா என்னும் பேர்பெற்ற கொள்ளைத் தலைவன் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டது 2007 ஆம் ஆண்டிலேதான்.

இத்தகைய ஓரிடத்தில், எழுத்தறிவே அரிதாயிருந்த பெண்கள் சிலர் ஒரு செய்திப் பத்திரிகையைத் தொடங்கினர் என்றால் நம்புவது கடினமன்றோ? அவர்களுட் பெரும்பாலோர் தலித் மக்கள். கோல் எனப்படும் பழங்குடியினரும் முஸ்லிம் பெண்களும் அவர்களுடன் சேர்ந்தனர். பத்திரிகையின் பெயர் 'கபர் லகரியா'. 'செய்தி அலைகள்' என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். 2002 ஆம் ஆண்டு மே மாதம், சித்திரகூட மாவட்டத்தின் தலைநகராகிய கர்வி என்னும் சிறு பட்டினத்திலிருந்து அது வெளிவரலாயிற்று.

எந்த மரமும் விதையின்றி முளைப்பதில்லை. இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. இந்திய மத்திய அரசின் மகளிர் கல்வித் திட்டமாகிய மகிளா சமாக்கியாவின் கீழ், அப்பகுதியில் வயதுவந்த பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்புக்கள் நடைபெற்றன. எழுதப் பழகியவர் எதனைப் படிப்பது? பழகிய எழுத்து வாசிப்பின்றி மறந்து போகுமே! இக்கவலையிலிருந்து 1993 இல் 'மகிளா டாக்கியா' என்னும் தாள் பிறந்தது. பெண் தபாற்காரி என்பது அதன் பொருள். புதிதாய் எழுத்துக் கற்ற பெண்களே அதில் எழுதினர், படமும் வரைந்தனர். சில ஆண்டுகளின்பின் அது நின்று போயிற்று. எனினும் செய்தி எழுதும் சுவையை ஒருமுறை கண்டவர்கள் வாளாவிருக்கவில்லை. டில்லியில் இயங்கிய நிரந்தர் என்னும் கல்வி அமைப்பின் துணையோடு அவர்கள் கபர் லகரியாவைத் தொடங்கினர்.

இப்பத்திரிகையின் மொழியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். அரசாங்கமும் பெரும் பத்திரிகைகளும் வழங்குவது இந்தி. வயலிலும் கிணற்றடியிலும் மக்கள் பேசுவதோ புந்தேலி. படித்தவர்கள் அதனைப் பட்டிக்காட்டுப் பேச்சென்று எண்ணுவர். அச்சேறும் தகுதி அதற்குண்டென ஒருவரும் கருதியதில்லை. கபர் லகரியா அந்தப் புந்தேலியிலேயே செய்தி எழுதிற்று. எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கு எளிதாகும்படி எழுத்துக்கள் பெரியனவாக அச்சிடப்பட்டன. எட்டுப் பக்கம், விலை 2 ரூபா. வீட்டிலே பாட்டியார் பேசும் அதே பேச்சில், தம்மூர்க் குழாய்க்கிணறு பழுதான செய்தி அச்சில் வந்திருப்பதைக் கண்ட அக்கிராமத்தார் எவ்வளவு வியந்திருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். பிற்காலத்தில் அவதி, போஜ்புரி, பஜ்ஜிகா ஆகிய மொழிகளிலும் பதிப்புக்கள் வந்தன.

செய்தி திரட்டுவதும் அவர்களே, எழுதுவதும் அவர்களே, பிரதிகளைச் சுமந்து சென்று விற்பவரும் அவர்களே. பஸ் போகும் இடத்துக்குப் பஸ்ஸிலும், போகாத இடத்துக்குக் கால்நடையாகவும் சென்றனர். பங்கீட்டுக் கடையில் தானியம் கொடுபடாமை, கிராமிய வேலைத்திட்டத்தில் கூலி வழங்கப்படாமை, ஆசிரியர் வராத பள்ளிக்கூடம், மருந்தில்லா வைத்தியசாலை, போடாத வீதிக்குப் போட்டதாய்க் காட்டிய கணக்கு ஆகியனவே அவர்களின் தலைப்புச் செய்திகள். பெண்களுக்கு இழைக்கப்படும் வன்கொடுமைகளையும் அவர்கள் விடாது எழுதினர். இவற்றைப் பெரும் பத்திரிகைகள் எழுதாவோ எனின், எப்போதாவது எழுதும். ஆனால் தலைநகர நிருபர் வந்து திரும்பும் ஒருநாட் செய்திக்கும், அதே கிணற்றில் நீரெடுக்க விடப்படாத ஒருத்தி எழுதும் செய்திக்கும் வேற்றுமை உண்டு. இன்ன அதிகாரி இன்ன வாக்குக் கொடுத்தார் என்பதை இவள் மறுமாதமும் நினைவில் வைத்திருப்பாள். மீண்டும் போய் அவர் மேசையருகில் நிற்பாள்.

அப்படி நிற்பது எளிதாயிருக்கவில்லை. பத்திரிகைக்காரர் என்றால் ஆணாகவும் உயர்சாதியினராகவும் இருப்பர் என்பது அங்கே எழுதாச் சட்டம். பெண்பிள்ளை வீடு வீடாய்த் திரிந்து அந்நிய ஆடவரிடம் கேள்வி கேட்பதா என்று ஊர் ஏசிற்று. சில வேளைகளில் வீடே ஏசிற்று. மிகக் கொடிய சோதனை 2015 ஆம் ஆண்டில் வந்தது. ஒருவன் தொலைபேசியில் அப்பெண்களை ஒருவர் மாறி ஒருவராக அழைத்து, பல மாதங்கள் ஆபாசமாய்ப் பேசியும் அச்சுறுத்தியும் வந்தான். பொலிஸில் முறையிட்டும் விரைவில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் தம் துன்பத்தைத் தாமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டனர். அதன் பின்னரே அவன் கைது செய்யப்பட்டான். பிறர் குறையை எழுதி வந்தவர்கள் தம் குறையையும் எழுதித்தான் நீதி பெறவேண்டியிருந்தது என்பது வருந்தத்தக்கது.

இவர்களுள் ஒருவர் கவிதா. இளம்பருவத்திலே மணம் செய்து வைக்கப்பட்டவர். தொண்டு நிறுவனம் நடத்திய வகுப்பிலே எழுத்துக் கற்றவர். அவரே பின்னர் பத்திரிகையின் ஆசிரியைகளுள் ஒருவரானார். மீரா தேவி என்னும் இன்னொருவரும் குடும்பப் பொறுப்புக்களுக்கிடையே கல்லூரிப் படிப்பை முடித்து, நிருபராயிருந்து ஆசிரியப் பொறுப்புக்கு உயர்ந்தார். பரீட்சையை எண்ணி அஞ்சும் நம் மாணவியர் இவர்கள் வாழ்க்கையைக் கேட்டறிவது நன்று.

புகழும் வராமலில்லை. சிறந்த பெண் பத்திரிகையாளர்க்கு இந்தியாவில் வழங்கப்படும் சமேலி தேவி ஜெயின் விருது 2004 இல் இக்குழுவினர்க்குக் கிடைத்தது. 2009 இல் யுனெஸ்கோவின் செஜோங் மன்னர் எழுத்தறிவுப் பரிசும் வந்தது. பணமோ என்றும் பற்றாக்குறையே. 2 ரூபா விலையில் தாளும் அச்சும் பயணமும் ஈடாகுமா? கொடையாளரின் உதவியின்றிப் பத்திரிகை நடந்திராது. மக்கள் பத்திரிகை என்று நாம் பெருமையாய்ப் பேசும் பலவற்றின் நலிவு இவ்விடத்தில்தான் இருக்கிறது. ஊரார் விரும்பிப் படிப்பர். ஆனால் ஊராரின் காசு மட்டும் அதனைக் காப்பாற்றாது.

இதனாலும், கைத்தொலைபேசி நாட்டுப்புறமெங்கும் பரவியதாலும், 2015 ஆம் ஆண்டையடுத்து அச்சுப் பதிப்பு நிறுத்தப்பட்டது. எழுதுகோல் பிடித்த கைகள் கமராத் தொலைபேசி பிடிக்கப் பழகின. இப்போது இணையத்தில் வெளிவரும் அவர்களது ஒளிப்படச் செய்திகளுக்குப் பல இலட்சம் சந்தாதாரர் உளர். இது வளர்ச்சியே. எனினும் எமக்கு ஒரு குறை தோன்றுகிறது. அச்சுத்தாளை ஒரு வீட்டார் படித்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். தொலைபேசியோ பெரும்பாலும் வீட்டு ஆண்மகனின் சட்டைப் பையில் இருப்பது. யாருக்காகப் பெரிய எழுத்தில் அச்சிட்டார்களோ, அந்த முதிய பெண்களின் கையில் இன்று என்ன இருக்கிறது?

அவர்களைப் பற்றி ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் ஆகிய இருவர் எடுத்த 'நெருப்பால் எழுதுதல்' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட ஆவணத் திரைப்படம் 2022 இல் ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. உலகமே பாராட்டிய அவ்வேளையில், விழாவுக்குச் சில நாட்களின் முன் கபர் லகரியா ஓர் அறிக்கை விடுத்தது. படம் நெஞ்சைத் தொடுவதே. ஆயின், ஓர் அரசியற் கட்சியைப் பற்றியே தாம் எந்நேரமும் எழுதுவது போல அது காட்டுகிறது. தம் பணியின் முழு உண்மை அதுவன்று என்று அவர்கள் கூறினர். புகழ் வாயிலில் வந்து நிற்கையில் இப்படிப் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளித்தனர். எமக்கோ அது வியப்பளிக்கவில்லை. தம்மைப் பற்றிய செய்தியைப் பிறர் எழுதுகையில் என்ன விடுபடுகிறது என்பதை இருபது ஆண்டுகளாய் எழுதி வந்தவர்கள் அவர்கள். அவ்வாண்டின் விருது வேறொரு படத்துக்குப் போயிற்று. புந்தேல்கண்டின் கிராமங்களிலிருந்து கபர் லகரியாவின் செய்திகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.